பரணில் கிடைத்த பித்தளை உறை எந்தப் பீரங்கியுடையது? அடித்தட்டைப் படிக்கும் முறை

கேள்வி சுருக்கமாக இதுதான். பழைய வீட்டுப் பரணிலிருந்து கனமான பித்தளைக் குழாய் ஒன்றை இறக்கியிருக்கிறார்கள். ஒரு முனை திறந்திருக்கிறது, மறுமுனை தடித்த விளிம்போடு மூடியிருக்கிறது. உயரம் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. இத்தனை நாளும் பூச்சாடியாக இருந்திருக்கிறது. அடியில் வட்டமாக எழுத்துகள். அவற்றில் '18', '1916' இரண்டும்தான் தெளிவாகத் தெரிகின்றன. வீட்டில் ஒருவர் கார்கிலில் சுட்ட போஃபர்ஸ் பீரங்கியுடையது என்கிறார், இன்னொருவர் சென்னை மீது எம்டன் போட்ட குண்டு என்கிறார். எது சரி? வீட்டில் வைத்திருக்கலாமா?

இரண்டுமே இல்லை. அந்த உயரமும் இரண்டு எண்களும் சேர்ந்தால், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் முதுகெலும்பாக இருந்த 18 பவுண்டர் களப்பீரங்கியின் உறை என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அதை உறுதிசெய்ய ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு ஸ்கேல், ஒரு டார்ச், ஒரு காந்தம், கொஞ்சம் மெல்லிய தாள், ஒரு பென்சில் போதும். ஆனால் அளவெடுக்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

வாய் திறந்திருக்கிறதா, உள்ளே வெறுமையாக இருக்கிறதா? வாயில் கூம்பு வடிவத் தலை பொருந்தியிருந்தாலோ, உள்ளே குச்சி குச்சியாகவோ சேமியா போலவோ ஏதாவது இருந்தாலோ, அட்டை மூடி அடைத்திருந்தாலோ, வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு விலகி, காவல்துறையைக் கூப்பிடுங்கள். இந்தியாவில் 112, இலங்கையில் 119. நூறு வருடப் பழசு, இனி எங்கே வெடிக்கப்போகிறது என்று எண்ணக் கூடாது. குண்டின் உள்ளிருக்கும் மருந்து பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். சில வகைகள் நாளாக ஆக இன்னும் எளிதில் தூண்டப்படக்கூடியவையாக மாறும்.

வாய் திறந்து, உள்ளே காலியாக இருந்தாலும் அடியின் நடுவில் ஓர் ஆபத்து மிச்சமிருக்கலாம். அங்கே ஐந்து ரூபாய் நாணயத்தைப் போலவோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு வட்டம் திருகிப் பொருத்தப்பட்டிருக்கும். அதுதான் ப்ரைமர். பீரங்கியின் ஊசி அதன் மையத்தில் குத்தும், உள்ளே இருக்கும் சிறு கேப் பற்றும், அது ப்ரைமருக்குள்ளேயே இருக்கும் கருமருந்தைப் பற்றவைக்கும், அந்தத் தீ உறைக்குள் பாயும். மையத்தில் ஆழமான ஒற்றைக் குழி தெரிந்தால் ப்ரைமர் சுடப்பட்டது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் உள்முகம் கிழிந்து திறந்திருக்கும். குழி இல்லை, உள்முகமும் மூடியே இருக்கிறது என்றால் அது உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடற்படைப் பீரங்கிகள் சிலவற்றில் மின்சாரத்தால் பற்றும் ப்ரைமர் உண்டு. அவை சுட்ட பிறகும் குழி விழாது. ஆகவே குழி இல்லாததை வைத்து மட்டும் முடிவு செய்யாமல் உள்முகத்தையும் பாருங்கள். அமெரிக்க 105 மி.மீ. உறை போன்றவற்றில் ப்ரைமர் நீண்ட குழாயாக, பக்கமெல்லாம் துளைகளோடு, புல்லாங்குழலை நட்டுவைத்தது போல உள்ளே எழுந்து நிற்கும். சுடாத குழாய்க்குள் கருமருந்து முழுதாக இருக்கும். எந்த ப்ரைமரையும் நீங்களே திருகிக் கழற்ற வேண்டாம், துளையிட வேண்டாம், சூடாக்க வேண்டாம். ஈயம் பூசுபவரிடமோ பாத்திரக்கடையில் பாலிஷ் போடவோ கொடுக்கும் முன் இதைச் சரிபார்த்தே ஆக வேண்டும். அங்கே நெருப்பும் தட்டலும் இரண்டும் உண்டு.

இனி பெயர்க் குழப்பம். நாம் 'ஷெல்', 'குண்டு' என்று பொதுவாகச் சொல்லும் பொருளில் இரண்டு பகுதிகள் உண்டு. பறந்து போய் இலக்கில் விழுவது ஒன்று. அது பெரும்பாலும் எஃகு, கீழ்ப்பக்கம் செப்பு வளையம் ஒன்று சுற்றியிருக்கும். வெடிமருந்தை வைத்துப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு, பீரங்கியின் பக்கத்திலேயே விழுந்துவிடுவது மற்றொன்று. அதுதான் உறை. ஈழத்தில் கோது என்பார்கள், எனக்கு அந்தச் சொல் மிகப் பொருத்தமாகப் படுகிறது. உங்களிடம் இருப்பது கோது.

இந்தப் பிரிவினை தெரிந்தாலே எம்டன் கதை முடிந்துவிடுகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. ஊரில் விழுந்தவை குண்டுகளும் அவற்றின் எஃகுச் சிதறல்களும். பித்தளை உறைகள் எல்லாம் கப்பலின் தளத்தில்தான் உருண்டிருக்கும். அதோடு எம்டனின் பீரங்கிகள் 10.5 செ.மீ. விட்டமுள்ளவை, 18 பவுண்டரின் வாயோ 8.4 செ.மீ. மட்டுமே. முத்திரை ஆண்டும் 1916. எம்டன் 1914 நவம்பர் 9 அன்றே கொக்கோஸ் தீவுகளில் தரைதட்டி அழிந்துவிட்டது. சென்னைக்காரர்களுக்கு எம்டன் என்ற பெயர் மேல் உள்ள பிடிப்பு அப்படி, பழைய பித்தளை எதைக் கண்டாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

போஃபர்ஸ் கதை இன்னும் எளிது. 1999இல் கார்கிலில் பேசப்பட்ட போஃபர்ஸ் எஃப்எச்-77பி 155 மி.மீ. பீரங்கி. அதில் தள்ளுமருந்து துணிப்பைகளில் வைத்துச் செலுத்தப்படுகிறது. சுட்டபின் பூச்சாடி செய்ய எந்தப் பித்தளையும் மிஞ்சாது. 'கார்கில் போஃபர்ஸ் உறை' என்று எங்காவது பெரிய பித்தளைக் குழாயை விற்றால், அது வேறு பீரங்கியின் உறை. போஃபர்ஸ் பெயரில் உண்மையாகவே உறை உண்டென்றால் அது விமான எதிர்ப்பு 40 மி.மீ. துப்பாக்கியுடையது. மெலிந்து நீண்டிருக்கும், வாய் சுருங்கியிருக்கும், ஒரு கையால் சுற்றிப் பிடித்துவிடலாம்.

இப்போது அளவு. முத்திரையைப் படிப்பதற்கு முன்பே அளவெடுத்துவிடுங்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். முத்திரை தேய்ந்திருக்கும், தவறாகப் படிக்க வைக்கும், அளவு அப்படி ஏமாற்றுவது குறைவு. இரண்டு எண்கள் வேண்டும்: வாயின் உள்விட்டம், அடியிலிருந்து வாய் வரை மொத்த நீளம். உலகம் முழுவதும் உறைகளைக் குறிக்கும் முறையும் இதுதான். 84 × 295 என்றால் குண்டின் விட்டம் 84 மி.மீ., உறையின் நீளம் 295 மி.மீ.

வாயின் உள்விட்டத்தை ஒரே இடத்தில் எடுக்காதீர்கள். பழைய உறைகளின் வாய் கீழே விழுந்து முட்டை வடிவமாகியிருக்கும். மூன்று நான்கு திசைகளில் எடுத்துச் சராசரி பாருங்கள். சுட்ட உறை சற்று விரிந்திருப்பதால் குண்டின் விட்டத்தைவிட ஒரு மி.மீ. வரை கூடுதலாக வரலாம். நீளத்தில் இவ்வளவு விளையாட்டு கிடையாது. இரண்டு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒன்று நீங்கள் நினைத்த உறை அதுவல்ல, அல்லது யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டியதைக் கண்டுபிடிப்பது முக்கியம், ஏனென்றால் சாம்பல்கிண்ணம், பூச்சாடி, மணி, கூஜா என்று இவற்றை வெட்டி மாற்றியவர்கள் ஏராளம். தொழிற்சாலையிலிருந்து வந்த வாயின் விளிம்பு சீரான தடிமனோடு இருக்கும். வாயிலிருந்து கீழே போகப் போகச் சுவர் மெல்ல மெல்லத் தடிக்கும். வெட்டிய உறையில் வாயிலேயே சுவர் தடிமனாகத் தெரியும், அரம் போட்ட கோடுகள் இருக்கும். இன்னொரு தடயம்: 18 பவுண்டர் போல குண்டும் உறையும் ஒன்றாகப் பொருத்தி வரும் வகையில், குண்டு கழன்றுவிடாமல் இருக்க வாயை உள்ளே அழுத்தியிருப்பார்கள். சுட்ட பிறகும் அந்த அழுத்தத்தின் தடம் வாயருகே தெரியும். ஹோவிட்சர், அதாவது குண்டை மேல்நோக்கி வளைத்து எறியும் குட்டைக் குழல் பீரங்கி, அதன் உறைகளில் இந்தத் தடம் இருக்காது. அவற்றில் குண்டை முதலில் போட்டு, உறையைத் தனியாக, தேவையான அளவு மருந்துப் பைகளோடு பின்னால் வைப்பார்கள்.

நம் பக்கத்து வீடுகளிலும் பழைய பொருள் கடைகளிலும் பார்க்க வாய்ப்புள்ள அளவுகள் இவை. 84 × 295 என்றால் 18 பவுண்டர். 87.6 மி.மீ. வாயும் 292 மி.மீ. நீளமும் என்றால் இரண்டாம் உலகப் போரின் 25 பவுண்டர். இந்த இரண்டையும்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உயரம் ஒன்று போலவே தெரியும், வித்தியாசம் 3 மி.மீ. மட்டும். வாயின் விட்டம்தான் காட்டிக்கொடுக்கும். 25 பவுண்டர் தனித்தனியாக ஏற்றும் வகை, ஆகவே வாயை அழுத்திய தடமும் இருக்காது. அதன் மருந்து சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பைகளாக வரும். முதல் அளவுக்குச் சிவப்பு மட்டும், இரண்டாவதுக்குச் சிவப்பும் வெள்ளையும், மூன்றாவதுக்கு மூன்றும். இந்தியப் படை 25 பவுண்டரைச் சுதந்திரத்துக்குப் பிறகும், 1965, 1971 போர்களிலும்கூடப் பயன்படுத்தியது. அதனால் ஓய்வுபெற்ற இந்தியப் படைவீரர் வீட்டில் கிடைக்கும் உறை 18 பவுண்டரைவிட 25 பவுண்டராக இருக்க வாய்ப்பு அதிகம்.

வாய் 114 மி.மீ., உயரம் வெறும் 87 மி.மீ. சுமார் என்றால் பிரிட்டிஷ் 4.5 அங்குல ஹோவிட்சர். குட்டையாக, சிறு அண்டா போல இருக்கும். வெட்டியதோ என்று பலர் சந்தேகப்படுவார்கள், ஆனால் அது இயல்பாகவே அவ்வளவுதான். 75 × 350 பிரெஞ்சு 1897 மாடல் 75 மி.மீ. பீரங்கி. அந்த உறையின் நடுவை இடுப்பு போல நெரித்து, கீழே வரிவரியாக மடித்து ஜாடி செய்வது போர்க்காலக் கைவினையில் மிகப் பிரபலம். 77 × 227 ஜெர்மன் களப்பீரங்கி. 88 × 571 ஜெர்மனியின் பெயர்பெற்ற 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி. 94 × 675 பிரிட்டிஷ் 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கி, இரண்டேகால் அடி உயரம். 105 × 372 அமெரிக்க 105 மி.மீ. ஹோவிட்சர்.

40 மி.மீ. போஃபர்ஸில் நீளமே கதை சொல்லும். 311 மி.மீ. என்றால் இரண்டாம் உலகப் போர்க்கால எல்/60, 364 மி.மீ. என்றால் பின்னால் வந்த எல்/70. இரண்டையும் இந்தியா பயன்படுத்தியிருக்கிறது. 40 மி.மீ. விட்டத்திலேயே பிரிட்டிஷ் 2 பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்கு 304 மி.மீ., கடற்படையின் 2 பவுண்டர் பாம்-பாமுக்கு 158 மி.மீ. விட்டம் ஒன்றாக இருப்பதால் பீரங்கியும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அடுத்து அடித்தட்டு. தேய்ந்த எழுத்தைப் படிக்க எல்லோரும் முதலில் செய்வது புளி போட்டுத் துலக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பள்ளங்களில் நூறாண்டுகளாகப் படிந்த கறுப்புதான் எழுத்தைத் தனித்துக் காட்டுகிறது. அதை எடுத்துவிட்டால் எழுத்து இன்னும் மங்கும். அதைவிட முக்கியம், அடியில் முத்திரை மட்டுமல்லாமல் மையால் எழுதிய குறிகளும் மிச்சமிருக்கலாம். ஒரு தடவை துலக்கினால் அவை போய்விடும், திரும்ப வராது. அதற்குப் பதிலாக இருட்டறையில் டார்ச்சைத் தட்டுக்குக் கிட்டத்தட்டக் கிடையாகப் பிடித்து, நான்கு பக்கமிருந்தும் ஒளியை அடித்துப் பாருங்கள். ஒரு பக்க ஒளியில் தெரியாத எழுத்து மறுபக்க ஒளியில் எழுந்து நிற்கும். பிறகு மெல்லிய தாளை வைத்து, சிறுவயதில் நாணயத்தைப் பதித்தது போல மென்மையான பென்சிலால் தேய்த்து எடுங்கள். நேரே பார்ப்பதைவிட இந்தத் தாளில் அதிகம் படிக்க முடியும்.

உங்கள் தட்டில் '18' பக்கத்தில் ஆங்கில பி, ஆர் எழுத்துகள் இருக்க வேண்டும். பவுண்டர் என்பதன் சுருக்கம் அது. 18 என்பது விட்டமும் அல்ல, ஆண்டும் அல்ல, குண்டின் எடை: பெயரில் 18 பவுண்டு, உண்மையில் பதினெட்டரை, அதாவது சுமார் 8.4 கிலோ. அருகில் ரோமன் எண் ஒன்று இருக்கும், பெரும்பாலும் இரண்டு. அது பீரங்கியின் மாடல் எண் அல்ல, உறையின் மாடல் எண். இதைப் பீரங்கியின் மார்க் என்று எழுதிவைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

தயாரித்தவரின் எழுத்துகள் அடுத்து. ஆர் எல், நடுவில் அம்புக்குறியோடு வந்தால் லண்டன் வூலிச்சிலிருந்த ராயல் லேபரட்டரி. ஈ ஓ சி எல்ஸ்விக் நிறுவனம். கே என் பர்மிங்காம் பக்கத்துக் கிங்ஸ் நார்ட்டன் உலோக நிறுவனம். மூன்று கோடுகள் மேலே கூடும் அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதன் அடையாளம். அது எங்கே, எதோடு சேர்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். அம்புக்குக் கீழே ஆங்கில ஐ இருந்தால் இந்திய அரசு, சி எழுத்தின் உள்ளே அம்பு இருந்தால் கனடா, இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவே அம்பு என்றால் ஆஸ்திரேலியா, யு எழுத்துக்குள் அம்பு தென்னாப்பிரிக்கா. கிரீடமும் அதன் கீழே எழுத்தும் எண்ணுமாக வரும் சிறு முத்திரை பரிசோதகருடையது. லாட் என்ற சொல்லோடு வரும் எண் தயாரிப்புத் தொகுதி. அதை வைத்துத் தனிப்பட்ட உறையின் கதை எதையும் கண்டுபிடிக்க முடியாது.

சி, எஃப் என்ற இரு எழுத்துகளைத் தேடுங்கள். சி என்றால் கார்டைட் என்ற தள்ளுமருந்து, எஃப் முழு அளவு மருந்து. எஃப் ஒன்றுக்கு மேல் வரிசையாக இருந்தால் அந்த உறை அத்தனை முறை நிரப்பப்பட்டிருக்கிறது. இங்கேதான் பலர் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. சுட்ட உறையைச் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டு போக அனுமதி இல்லை. பித்தளை விலைமதிப்புள்ளது என்பதால் களத்திலிருந்து சேகரித்துத் திருப்பியனுப்பி, சரிசெய்து, புது ப்ரைமர் போட்டு மீண்டும் நிரப்பினார்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து மேற்கு முனையில் மட்டும் 18 பவுண்டர் சுட்ட குண்டுகள் 9.9 கோடிக்கும் மேல். அவ்வளவு பித்தளையை ஒரே முறை பயன்படுத்தி எறிய எந்த நாட்டாலும் முடியாது.

இதன் விளைவு, 1916 என்ற முத்திரை உறை செய்யப்பட்ட ஆண்டை மட்டுமே சொல்லும். கடைசியாகச் சுடப்பட்டது 1918ஆக இருக்கலாம், போருக்குப் பின் நடந்த பயிற்சியிலும் இருக்கலாம். ப்ரைமருக்குத் தனி முத்திரையும் தனி ஆண்டும் உண்டு. ப்ரைமர் 1917 என்றால் உறை 1917க்கு முன் கடைசியாகச் சுடப்பட்டிருக்க முடியாது. இரண்டில் பிந்தியதைக் கணக்கில் எடுங்கள். ஈப்ர், அர்ராஸ் என்று ஊர்ப்பெயரும் தேதியும் பக்கவாட்டில் செதுக்கியிருந்தால் அதையும் இதே கணக்கில் சோதிக்கலாம்: 1915 சண்டையின் பெயரைச் செதுக்கிய உறையின் அடியில் 1917 என்று இருந்தால் அந்த உறை அந்தச் சண்டையில் இருந்ததில்லை. போர் முடிந்தபின் சுற்றுலா வந்தவர்களுக்காகச் செதுக்கி விற்றவையும் நிறைய. அவை போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் செதுக்கலைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

18 பவுண்டர் உறையிலேயே ஒரு பொறி உண்டு. அதன் உடலை அப்படியே வைத்து, வாயை மட்டும் 76 மி.மீ.க்குச் சுருக்கி, 13 பவுண்டு குண்டு பொருத்தி விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுக்குப் பயன்படுத்தினார்கள். அடி அகலம் 18 பவுண்டர் போல இருந்து, மேலே தோள் வைத்து வாய் குறுகியிருந்தால் சுத்தியலால் யாரோ அடித்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

பிற நாட்டு முத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போர் ஜெர்மன் உறையில் மறைபொருள் குறைவு: போல்டே மாக்டபுர்க், கார்ல்ஸ்ரூ என்று நிறுவனமோ ஊரோ முழுப் பெயராகவே இருக்கும், மாதம் ஜெர்மன் சுருக்கத்தில், பிறகு ஆண்டு. இரண்டாம் உலகப் போரில் பெயர்களை மறைத்து மூன்றெழுத்துக் குறியீடுகளுக்கு மாறினார்கள், ஆனால் உறையின் வடிவமைப்பு எண் நமக்கு உதவும்: 6347 என்றால் 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி. எண்ணின் பின்னால் எஸ், டி எழுத்துகள் வந்தால் எஃகு உறை. பிரெஞ்சு உறையில் '75' பக்கத்தில் 'டி சி' என்பது களப்பீரங்கி என்பதன் சுருக்கம். ஜப்பானிய ஆண்டு ஷோவா கணக்கில் இருக்கும், 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு: 16 என்றால் 1941.

காந்தத்தை மறக்காதீர்கள். பித்தளை நிறத்தில் இருப்பதெல்லாம் பித்தளை அல்ல. செம்பும் துத்தநாகமும் தட்டுப்பட்டபோது எஃகில் உறை செய்து மேலே மெல்லிய பித்தளைப் பூச்சோ அரக்குப் பூச்சோ கொடுத்தார்கள், ஜெர்மனியும் சோவியத்தும் குறிப்பாக. காந்தம் ஒட்டினால் 1916 பிரிட்டிஷ் 18 பவுண்டர் என்ற முடிவைத் திரும்ப யோசியுங்கள். ப்ரைமர் மட்டும் வேறு உலோகமாக இருக்கலாம், ஆகவே பக்கச் சுவரில் வைத்துப் பாருங்கள்.

இப்போது பராமரிப்பு. உறைப் பித்தளை பெரும்பாலும் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தடித்த தட்டை அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கி, பல கட்டமாக இழுத்து நீட்டி, இடையிடையே சூடாக்கித் தளர்த்திச் செய்கிறார்கள். அடி கெட்டியாகவும் வாய் மிருதுவாகவும் இருக்க வேண்டும். இழுத்ததில் உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். அந்த இறுக்கத்தின் மீது அம்மோனியா பட்டால் பித்தளை தானாகவே நீளவாக்கில் வெடிப்பு விடும். இந்த நோயை உலகம் அடையாளம் கண்டதே இந்தியாவில்தான். பிரிட்டிஷ் படையின் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் காரணமில்லாமல் வெடித்தன, அதனால் 'பருவ வெடிப்பு' என்றே பெயரிட்டார்கள். குதிரை லாயங்களில் வைத்ததும், சாணம் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும், மழைக்கால ஈரமும் சேர்ந்த விளைவு அது. 1921இல்தான் ஆய்வில் இது தெளிவானது. ஆகவே அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம், மாட்டுக்கொட்டகை, கழிப்பறைப் பக்கம் வைப்பது வேண்டாம். வாயிலிருந்து கீழே ஓடும் மயிரிழைக் கோடு ஏற்கெனவே இருந்தால் பிதுக்கவோ தட்டிச் சரிசெய்யவோ கூடாது.

புளி, எலுமிச்சை, துலக்கும் பொடி மூன்றும் உடனே பளபளப்பைத் தரும். அதே வேகத்தில் மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தை எடுத்துவிட்டு, செம்பு நிறத் திட்டுகளை விட்டுச்செல்லும். தேங்காயெண்ணெய் பூசினால் சில மாதங்களில் பச்சையாகப் பூக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு, பழைய பல்துலக்கி, உடனே துணியால் துடைத்து நன்றாக உலர்த்தல், மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. இதற்கு மேல் தேவையில்லை. பூச்சாடியாகவே தொடர வேண்டுமென்றால் உள்ளே கண்ணாடிக் குவளை வைத்து அதில் தண்ணீர் ஊற்றுங்கள். நேரடியாக ஊற்றினால் ப்ரைமரைச் சுற்றியே முதலில் அரிக்கும்.

பரணில் இல்லாமல் மண்ணிலோ கடற்கரையிலோ பயிற்சிச் சுடுதளம் பக்கத்திலோ கிடைப்பவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே கிடப்பது உறையா குண்டா என்று தூரத்திலிருந்து முடிவு செய்ய வேண்டும். செப்பு வளையத்தில் சாய்வான வரிகள் பதிந்த எஃகு உருளை என்றால் அது சுடப்பட்டு வந்து விழுந்த குண்டு. அது வெடிக்காமல் கிடந்தால் இருப்பதிலேயே ஆபத்தானது அதுதான். அதை வெடிக்கவைக்கும் கருவியான ஃப்யூஸ் தயார் நிலைக்கு வந்துவிட்டது, மிச்சம் ஓர் அசைவு மட்டும்தான். வன்னியில் இன்னும் தோண்டத் தோண்ட வருபவை இப்படிப்பட்டவை. வால் இறக்கைகள் தெரிந்தால் அது மோர்ட்டார் குண்டு, குட்டைக் குழாயிலிருந்து மேல்நோக்கி எறியப்படுவது. அதற்கு இதுபோன்ற பெரிய கோதே கிடையாது, 'காலிக் கோது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய இரும்புக்காரர் எடைக்கு என்ன தருவார் என்று எண்ணி இவற்றைத் தூக்கியவர்களும் தட்டியவர்களும் உயிரிழந்திருக்கிறார்கள்.

சட்டம் பற்றி. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் வெடிகுண்டுகளையும் தோட்டாக்களையும் மட்டுமல்ல, அவற்றின் பாகங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. பரம்பரையாக வீட்டில் இருக்கும் காலி உறைக்காகப் பதற்றப்பட வேண்டாம். ஆனால் விற்கவோ வாங்கவோ வேறு ஊருக்கு அனுப்பவோ நினைத்தால், அளவும் படமும் எடுத்துக்கொண்டு உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவித்துவிட்டுச் செய்வது நல்லது. விமானத்தில் எடுத்துப் போகாதீர்கள், பையிலும் வேண்டாம், பெட்டியிலும் வேண்டாம்.

உங்கள் உறைக்கு இப்போது மிச்சமிருப்பவை: வாய் 84 மி.மீ. வருகிறதா, நீளம் 295 வருகிறதா, வாயருகே அழுத்திய தடம் இருக்கிறதா, ப்ரைமரில் குழி விழுந்து உள்முகம் திறந்திருக்கிறதா, அதன் ஆண்டு என்ன, எஃப் எழுத்து எத்தனை. இந்த ஆறையும் பென்சில் பதிவெடுத்த தாளின் பின்பக்கத்திலேயே குறித்து, தாளைச் சுருட்டி உறைக்குள் போட்டுவையுங்கள். அடுத்து அதைக் கையில் எடுப்பவருக்கு எம்டன் கதை தேவைப்படாது.